ஒருவருக்கு எத்தனை வகுப்பு? பழைய பாத்திர விளையாட்டுகளின் இருவகுப்பு விதியும் பாலக்காட்டு ஆட்டக்களங்களும்

1974ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து மூன்று சிறு கையேடுகள் அடங்கிய பெட்டியொன்று வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் வகுத்த அவ்விளையாட்டின் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. முதற்பதிப்பில் அச்சானவை 1000 பெட்டிகளே. மேசையைச் சுற்றி அமர்வோர் ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு, நடுவர் விவரிக்கும் கற்பனை நிலத்தில் அலைந்து, பகை வென்று, பொருள் தேடி, படிப்படியாக வலுப்பெறுவது அதன் நடைமுறை. ஒவ்வொரு பாத்திரமும் ஒரு வகுப்பைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என வகுப்புகள் மூன்று.

வகுப்பு மூன்றுதான், ஆனால் முதல் நாளிலேயே அவ்வரம்பை மீறும் ஓர் உயிரினத்துக்கும் கையேடு இடமளித்தது. ஐரோப்பியப் பழங்கதைகளிலிருந்தும் டோல்கீனின் புனைவுகளிலிருந்தும் எடுக்கப்பட்ட ‘எல்ஃப்’ என்னும் வனமாந்தர், ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் தாம் வீரரா மந்திரவாதியா என்பதைத் தேர்ந்துகொள்ளலாம். அடுத்த பயணத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஆட்டத்தின் நடுவே மாறலாகாது. வீரராக 4ஆம் படிக்கு மேலும், மந்திரவாதியாக 8ஆம் படிக்கு மேலும் அவர் ஏற இயலாது. சில வரிகளில் முடிந்துவிட்ட அவ்விதி அடுத்த கால் நூற்றாண்டு முழுவதும் திருத்தப்பட்டும், விரிக்கப்பட்டும், சண்டைக்குரியதாகியும் வந்தது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டாக இருக்கலாமா, இருந்தால் அதற்கு என்ன விலை, அந்த உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பவையே அதனுள் பொதிந்திருந்த கேள்விகள்.

ஆங்கிலத்தில் ‘கிளாஸ்’ எனப்படுவதைத் தமிழில் ‘வகுப்பு’ என்று பெயர்க்கும்போது, மூலத்தில் அடங்கிக் கிடக்கும் ஒரு பொருள் மேலெழுந்துவிடுகிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உரிமை வரலாற்றை அறிந்த எவருக்கும் ‘வகுப்பு’ என்பது பள்ளியறையை மட்டும் குறிக்கும் சொல் அன்று. அது பிறப்பையும், பிறப்பின் பெயரால் திறக்கப்பட்ட, அடைக்கப்பட்ட வாயில்களையும் குறிக்கும். இம்மொழிபெயர்ப்பு தற்செயலானது, பயனற்றது அன்று. விளையாட்டின் விதிப்பட்டியலை ஒரு சமூக ஆவணமாக வாசிக்க அது வழி செய்கிறது.

விதியின் வளர்ச்சியைச் சுருங்கப் பார்க்கலாம். 1975இல் வெளியான ‘கிரேஹாக்’ என்னும் முதல் துணைநூல் கள்வர் வகுப்பைச் சேர்த்தது. மானிடரல்லாத இனத்தார் ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று வகுப்புகளில் இயங்கலாம் என்றும், ஈட்டும் அனுபவப் புள்ளிகளை அவ்வகுப்புகளுக்கிடையே சமமாகப் பங்கிட வேண்டும் என்றும் வகுத்தது. 1978இல் ‘அட்வான்ஸ்டு’ என்னும் அடைமொழியோடு வந்த விளையாடுவோர் கையேடு இதை முழு அமைப்பாக்கியது. எந்த இனம் எந்தெந்த வகுப்புகளை இணைக்கலாம், எந்த வகுப்பில் எந்தப் படிவரை ஏறலாம் என்பதற்கு அட்டவணைகள் தரப்பட்டன. அரை எல்ஃப் ஒருவர் சமயகுரு, வீரர், மந்திரவாதி என மூன்றையும் சேர்த்தே தாங்கலாம். ‘ட்வார்ஃப்’ எனப்படும் குறளர் மந்திரம் பயிலவே முடியாது.

பங்கீட்டு விதி மேலோட்டமாகப் பார்க்கையில் கடுமையானதாகத் தோன்றும். உண்மையில் அது மிகவும் தாராளமானது. அனுபவப் புள்ளிகளின் அட்டவணை, தொடக்கப் படிகளில் ஏறக்குறைய இருமடங்காகப் பெருகிச் செல்வதே காரணம். 40,000 புள்ளிகள் ஈட்டிய இருவரை எடுத்துக்கொள்வோம். வீரராக மட்டும் இருப்பவர் அந்தப் புள்ளிகளில் 6ஆம் படியில் நிற்பார். அதே 40,000ஐ இரண்டாகப் பிரித்துக்கொண்ட எல்ஃப், வீரராக 5ஆம் படியிலும் மந்திரவாதியாக 4ஆம் படியிலும் நிற்பார். ஒரு படி குறைவுக்கு ஈடாக நான்கு படி மந்திரம்! பாதி உழைப்பைக் கொடுத்தவருக்கு ஏறத்தாழ முழு ஊதியம் கிடைக்கிறது. இக்கணக்கை விளையாடுவோர் விரைவில் கண்டுகொண்டனர். ஆகவே, மானிடப் பாத்திரத்தை எவரும் விரும்பித் தேர்வதற்கு வேறொரு தடை வேண்டியிருந்தது. அத்தடைதான் படி உச்சவரம்பு. உடல்வலிமை 17க்குக் குறைந்த எல்ஃப் வீரராக 5ஆம் படியோடு நின்றுவிட வேண்டும். 18 இருந்தாலும் 7ஆம் படியே எல்லை. நின்றுவிட்ட பிறகும் பாதிப் புள்ளிகள் அந்தப் பயனற்ற கணக்கிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். கையேடு இதைத் தெளிவாகவே சொல்கிறது.

சமநிலைக் கருவி என்ற அளவில் இது நல்ல விதியன்று. புள்ளிப் பங்கீடு ஒவ்வொரு நாளும் செலுத்தப்படும் வரி. அதன் சுமை ஆட்டத்தின் முதல் அமர்விலேயே தெரியும். உச்சவரம்போ பல மாதங்கள், சில குழுக்களில் பல ஆண்டுகள் விளையாடிய பின்னரே குறுக்கே நிற்கும் சுவர். பெரும்பாலான ஆட்டங்கள் அச்சுவரை எட்டுமுன்பே முடிந்துவிடும். எட்டியவர்களுக்கோ அதுவரை நண்பர்களோடு இணையாக நடந்த பாத்திரம் திடீரென உறைந்துபோகும். பல குழுக்களில் நடுவர்கள் இவ்வரம்பைத் தளர்த்தியோ கைவிட்டோ விளையாடியதில் வியப்பில்லை.

கைகாக்ஸ் இதற்குக் கூறிய காரணம் கணக்கியல் சார்ந்தது மட்டுமன்று. 1979இல் வெளியான நடுவர் வழிகாட்டி நூலில், கற்பனை உலகின் மையம் மானிடரே என்றும், பிற இனங்களின் ஆற்றல் கட்டுப்படுத்தப்படாவிடில் அம்மையம் சிதைந்துவிடும் என்றும் அவர் வாதிட்டார். விளையாட்டின் பொருளாதாரம், அரசு, போர் எல்லாம் மானிட வரலாற்றின் சாயலில் அமைந்திருப்பதால், நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழும் எல்ஃப்களுக்கு எல்லையற்ற உயர்வு கொடுத்தால் அவ்வுலகை விளக்கவே முடியாது என்பது அவ்வாதத்தின் சாரம். இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எனினும் அதன் விளைவு, பிறப்பு உயர்வின் எல்லையை நிர்ணயிப்பது என்ற கொள்கையே. இனக்கலப்பின் அட்டவணையில் இது இன்னும் வெளிப்படை. அரை ‘ஆர்க்’, அதாவது அரக்கக் கலப்பினத்தார், கொலைஞர் வகுப்பில் எல்லையின்றி உயரலாம். சமயகுருவாக 4ஆம் படிக்கு மேல் ஏற முடியாது.

மானிடருக்குப் பல்வகுப்பு இல்லை. அவர்களுக்கு அளிக்கப்பட்டது வேறு வகை உரிமை: ஒரு வகுப்பைத் துறந்து மற்றொன்றில் புதிதாகத் தொடங்குவது. பழைய வகுப்பின் தலையாய பண்பில் 15, புதிய வகுப்பின் தலையாய பண்பில் 17 இருந்தால் மட்டுமே இது இயலும். மாறியவர் பழைய திறனைத் தம் உடலில் வைத்துக்கொண்டே, அதைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். இடுக்கண் நேர்ந்து ஒருமுறை வாளெடுத்தால் அந்தப் பயணத்தின் அனுபவப் புள்ளிகள் முழுவதும் போய்விடும். புதிய வகுப்பின் படி பழையதைத் தாண்டிய பிறகே இரண்டையும் கலந்து பயன்படுத்தலாம். பாணர் வகுப்பு இந்தத் துறவு விதியின் உச்சம். அது நூலின் பின்னிணைப்பில் ஒளிந்திருந்தது. பாணராக விரும்புபவர் முதலில் வீரராகக் குறைந்தது 5ஆம் படியை எட்டி, 8ஆம் படிக்குள் கள்வராக மாறி, அதிலும் சில படிகள் ஏறி, அதன் பின் காட்டுத் துறவியரான ‘ட்ரூயிட்’களிடம் மாணவராக வேண்டும். இத்தனை வாழ்க்கைகளை வாழ்ந்து முடித்தவரே பாடத் தகுந்தவர் என்ற எண்ணம் விதியாக்கியவருக்கு இருந்திருந்தால், அது பழிக்கத்தக்கதன்று.

1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த எளிய பதிப்பு சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தது. எல்ஃப் என்பதே ஒரு வகுப்பு. வாளும் மந்திரமும் அதில் இயல்பாகவே அடங்கும். விலை முன்கூட்டியே விதிக்கப்பட்டது. இரண்டாம் படிக்கு ஏற வீரருக்கு 2000 புள்ளி, மந்திரவாதிக்கு 2500, எல்ஃப்புக்கு 4000. கணக்கு இங்கே நேர்மையாக இருந்தது. ஆனால் எல்ஃப் இனத்தில் கள்வரோ சமயகுருவோ பிறக்கவே முடியாது என்றாயிற்று. இனமும் தொழிலும் ஒன்றே.

*

பாலக்காட்டு நிலப்பகுதியில் ஆடுவோருக்கு வகுப்பும் படியும் வகுத்த ஓர் அமைப்பு முந்நூறு ஆண்டுகளாக இயங்கிவருகிறது. கதகளி 17ஆம் நூற்றாண்டில் கொட்டாரக்கரைத் தம்புரானின் இராமனாட்டத்திலிருந்து கிளைத்தது என்பது பொதுவான வரலாறு. அதன் ஆட்டமுறையைச் செப்பனிட்ட மரபுகளுள் கல்லடிக்கோடன் மரபு பாலக்காட்டு மண்ணின் பெயரைத் தாங்கியது. பின்னர் வெள்ளிநேழியில் ஒளப்பமண்ண மனையின் ஆதரவில் கல்லுவழிப் பாணி முதிர்ந்தது. அப்பாணியைப் பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனன் கேரள கலாமண்டலத்துக்குக் கொண்டுசென்றார். வள்ளத்தோள் நாராயண மேனனும் முகுந்தராஜாவும் 1930இல் நிறுவிய அக்கலாமண்டலம், பாரதப்புழைக்கு அக்கரையில் திருச்சூர் மாவட்டத்துச் செறுதுருத்தியில் உள்ளது. லேக் ஜெனீவாவுக்கும் வெள்ளிநேழிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பு கற்பிப்பது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. வேடமேற்பதை விதிகளால் ஆளும் இரு அமைப்புகள் ஒரே சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டன என்பதே இங்கு ஒப்பிடப்படுகிறது.

கதகளியின் வேட வகைகள் ஐந்து: பச்சை, கத்தி, தாடி, கரி, மினுக்கு. பச்சை உயர்குண நாயகருக்கு உரியது. சிவப்புத் தாடி கொடியோருக்கும் கட்டுக்கடங்காச் சினத்தோருக்கும், வெள்ளைத் தாடி அனுமனுக்கும், கருப்புத் தாடி வேடருக்கும் உரியவை. கரி அரக்கியர்க்கும், மினுக்கு பெண்டிர், முனிவர், அந்தணர் ஆகியோர்க்கும் உரியவை. வகைதோறும் அனுமதிகளும் தடைகளும் உள்ளன. பச்சை வாய்திறந்து ஒலியெழுப்பலாகாது. தாடியும் கரியும் அலறலாம். திரைச்சீலையைக் கையால் பற்றிச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, உள்ளிருந்து அவையை நோக்கும் திரைநோக்கு தாடிக்கும் கரிக்கும் உண்டு, பச்சைக்கு இல்லை.

இவ்வரிசையில் கத்தி எங்கே நிற்கிறது? முகத்தின் அடிநிறம் பச்சையே. அரசகுல நாயகனின் அதே கிரீடம், அதே உடை. அப்பச்சையின் மீது கத்தி வடிவில் சிவப்பு மீசை ஏறுகிறது. மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளைப் பூக்கள் ஒட்டப்படுகின்றன. பச்சையைப் போலவே விளம்ப காலத்தில் சிருங்காரப் பதம் ஆடும் உரிமை கத்திக்கு உண்டு. தாடியைப் போலவே திரைநோக்கும் அலறலும் அதற்கு உண்டு. இருவகுப்புப் பாத்திரம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எந்த விளையாட்டு நூலிலும் இல்லை. கதகளியில் தேர்ந்த நடிகர்கள் கத்தியைப் பெரிதும் விரும்புவதற்கு இந்த இரட்டை உரிமையே காரணம். கலாமண்டலம் இராமன்குட்டி நாயர் (1925–2013) வெள்ளிநேழியில் பிறந்தவர். கத்தி வேடங்களிலும் அனுமனின் வெள்ளைத் தாடியிலும் ஒருசேரப் புகழ்பெற்ற அவருடைய தன்வரலாற்றின் பெயரே ‘திரநோட்டம்’ என்பது கவனிக்கத்தக்கது.

கத்தியைத் தீர்மானிப்பது பிறப்பா, இயல்பா? மகாபாரதக் கதைகளை நோக்கினால் விடை தெளியும். துரியோதனன் கத்தி; அவனுடைய உடன்பிறந்த துச்சாதனன் சிவப்புத் தாடி. தாயும் தந்தையும் ஒருவரே, வகுப்பு வேறு. இராமனுக்கு உற்ற துணையான சுக்கிரீவனும், அவனால் பகைக்கப்பட்ட வாலியும் இருவருமே சிவப்புத் தாடி. ஆகவே வேடம் இனத்தின் அடையாளமும் அன்று, நன்மை தீமையின் நேரடிக் குறியும் அன்று. அது ஒரு பாத்திரம் எந்த அளவு தன்னைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது என்பதன் அளவீடு. பச்சை முழுக் கட்டுப்பாடு. தாடி கட்டவிழ்ந்த ஆற்றல். கத்தி, கட்டுப்பாடு அறிந்திருந்தும் அதனுள் அடங்காத உயர்ந்தோர். 1978ஆம் ஆண்டின் அட்டவணை வகுப்பை இனத்தோடு பிணைத்தது. கதகளி அதை மனநிலையோடு பிணைத்தது.

இவ்வேறுபாட்டின் முழு ஆழமும் ‘இராவணோத்பவம்’ என்னும் ஆட்டக்கதையில் வெளிப்படுகிறது. அதை இயற்றியவர் பாலக்காட்டுக் கல்லேக்குளங்கரையைச் சேர்ந்த இராகவப் பிஷாரடி. விச்ரவசு முனிவரின் மகனாகவும் கைகசி என்னும் அரக்கியின் மகனாகவும் பிறந்த இராவணன், வானத்தில் புட்பகமேறிச் செல்லும் குபேரனைக் கண்டு தாய் வடித்த கண்ணீரைத் தன்மேல் உணர்ந்து விழிக்கிறான். தவம் புரிய உறுதிகொள்கிறான். நெருப்பில் தன் தலைகளை ஒவ்வொன்றாக அரிந்திடுகிறான். பத்தாவது தலைக்கு வாளோங்கும்போது நான்முகன் தோன்றுகிறான். தனியொரு நடிகர் நெடுநேரம் ஆடும் இந்தத் தவ ஆட்டம் கதகளியின் மிகக் கடினமான பகுதிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. முனிவரின் தவமும் அரக்கனின் வெறியும் வீரனின் வாளும் ஒரே உடலில், ஒரே கணத்தில் இயங்குகின்றன. கலப்பினத்தான் என்பதற்காக அவனுடைய தவத்துக்கு உச்சவரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. தவம் பலித்தது என்பதே கதை. லேக் ஜெனீவாவின் அட்டவணை அவனைச் சமயகுருவாக 4ஆம் படியில் நிறுத்தியிருக்கும்.

இதனால் கதகளியில் கலப்புக்கு விலையே இல்லை என்பதாகாது. விலை வேறிடத்தில் வசூலிக்கப்படுகிறது. கத்திக்குச் சிருங்காரம் உண்டு. ஆனால் பெரும்பாலான ஆட்டக்கதைகளில் அந்தக் காதலும் அரசும் அழிவில் முடியும். நரகாசுரனும் கீசகனும் துரியோதனனும் அந்த வழியே போனவர்கள். ‘இராவணோத்பவ’த்து இராவணன் மேடையில் வெற்றியோடு நிற்கிறான் என்றாலும், பார்வையாளர் அனைவருக்கும் மற்ற கதை தெரியும். மானிடரையும் அஞ்சவேண்டும் என்று எண்ணாமல் அவன் கேட்டுப் பெற்ற வரத்தின் ஓட்டையையும் அவர்கள் அறிவர்.

மானிடருக்கு விதிக்கப்பட்ட துறவு விதிக்கு, அதாவது பழைய திறனை வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் இருக்க வேண்டும் என்ற விதிக்கும், கதகளியில் ஓர் இணை உண்டு. கோட்டயத்துத் தம்புரானின் ‘கிர்மீரவத’த்தில் சிம்மிகை என்னும் அரக்கி லளிதை என்ற அழகியாக உருமாறித் திரௌபதியை நெருங்குகிறாள். சிம்மிகை கரி, லளிதை மினுக்கு. கரி அலறலாம், மினுக்கு அலறலாகாது. லளிதையாக இருக்கும்வரை அரக்கியின் எந்த உரிமையையும் அவள் எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணசைவில் ஒரு கணம் கசியும் கொடுமையால் மட்டுமே நடிகர் உள்ளிருப்பவளைக் காட்ட வேண்டும். பொய் கலைந்ததும் கரி மீண்டும் வருகிறது. இவ்விரண்டையும் வழக்கமாக இரு வேறு நடிகர்கள் ஆடுவர். விளையாட்டு நூல் புள்ளி இழப்பு என்ற தண்டனையால் காக்கும் எல்லையைக் கதகளி ஒப்பனையாலும் ஆள்மாற்றத்தாலும் காக்கிறது.

படிநிலைகளும் உண்டு. குட்டித்தரம், இடத்தரம், ஆத்யவசானம் என வேடங்கள் மூன்று தரத்தன. பயில்வோர் குட்டித்தரத்தில் தொடங்குவர். இடத்தரம் நடுத்தேர்ச்சியாளருக்கு. இரவின் பாரம் முழுவதையும் சுமக்கும் தலைமை வேடம் ஆத்யவசானம். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறப் பல ஆண்டுகள் ஆகும். எண்ணெய்ப் பயிற்சியும் உழிச்சலும் கண்சாதகமும் அதற்கான அனுபவப் புள்ளிகள். இரு வகைகளில் ஆத்யவசானம் எட்டுவோர் குறைவு, மூன்றில் எட்டுவோர் அரிதினும் அரிது. காறல்மண்ணையில் பிறந்த கோட்டக்கல் சிவராமன் (1936–2010) தம் ஆற்றலைப் பெண் வேடங்களில் குவித்து, அதுவரை பெரும்பாலும் பச்சைக்கு எதிரே நின்றுகொண்டிருந்த தமயந்தியை ஆட்டத்தின் மையத்துக்குக் கொணர்ந்தார். ஒற்றை வகுப்பில் உறுதியாக நின்றவரின் பெருமைக்கு அவர் சான்று.

*

இதுவரை கூறியவற்றால் கதகளி தாராளமானது, அமெரிக்க விளையாட்டு குறுகியது என்ற முடிவுக்கு வருவது எளிது. அது பாதி உண்மையே. விதிகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: பாத்திரத்தின் மீதான விதி, ஆடுபவர் மீதான விதி. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பாத்திரத்தின் மீது கட்டுப்பாடுகளை அடுக்கியது. மேசையில் அமர்பவர் யாராக இருக்க வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. கதகளியோ பாத்திரத்தை இயல்பால் வகுத்து, ஆடுபவரைப் பிறப்பாலும் பாலாலும் வகுத்தது.

கலாமண்டலம் ஹைதராலி (1946–2006) கதகளி இசையில் தம் தலைமுறையின் முதன்மைக் குரல்களுள் ஒருவர். இசுலாமியர் என்பதால் பல கோயில்களின் மதிலுக்குள் அவர் நுழைய முடியாது. தென்கேரளத்துக் கோயிலொன்றில், அவர் மதிலுக்கு வெளியே நின்று பாட ஏதுவாக மதிலின் ஒரு பகுதியை உடைத்து மேடையை நீட்டிய நிகழ்ச்சி கேரளத்தில் பரவலாக அறியப்பட்டது. பாடப்பட்டவை இந்துப் புராணங்கள். பாடியவர் அவற்றின் ஒவ்வொரு சொல்லையும் அறிந்தவர். விதி அவருடைய தேர்ச்சியை மறுக்கவில்லை. கால் பதிக்கும் இடத்தை மட்டுமே அது அளந்தது. உச்சவரம்பு என்பது உண்மையில் எப்படி இயங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடைப்பது அரிது.

பெண்களின் நிலையில் இரு அமைப்புகளும் எதிர்பாராத விதத்தில் சந்திக்கின்றன. 1978ஆம் ஆண்டுக் கையேட்டில் மானிட ஆண் வீரரின் வலிமை 18/00 வரை செல்லலாம். பெண் வீரரின் வலிமை 18/50க்கு மேல் செல்லலாகாது. ஆணோ பெண்ணோ, யார் விளையாடினாலும் பெண் பாத்திரத்தை அத்தடை பற்றும். கதகளியில் பெண் பாத்திரத்துக்கு எல்லை இல்லை. தமயந்தியும் திரௌபதியும் அரங்கின் நடுவே நிற்பர். ஆனால் அவர்களை ஆடுவோர் ஆண்கள். சவற பாறுக்குட்டி போன்ற தனித்த பெண்கலைஞர்கள் ஆண் வேடங்களையும் ஏற்று ஆடிப் பெயர்பெற்றனர். 1975இல் திருப்பூணித்துறையில் பெண்களுக்கென ஒரு கதகளிக் குழு தோன்றியது. எனினும் நிறுவன வாயில் மூடியே இருந்தது.

ஆடுபவர், பாத்திரம் என்ற பிரிவே பொருளிழக்கும் மற்றொரு களமும் இதே ஆற்றங்கரையில் உண்டு. அது தோற்பாவைக்கூத்து. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பத்திரகாளி கோயில்களில், கோயிலுக்கு எதிரே நிலையாகக் கட்டப்பட்ட கூத்துமாடத்தில் கம்பராமாயணம் நிகழ்த்தப்படுகிறது. 42 அடி நீளத் திரைக்குப் பின்னே 21 தேங்காய்முறி விளக்குகள் எரியும். தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காணத் தவறிய காளிக்காகவே இக்கூத்து என்பது ஐதிகம். மனிதப் பார்வையாளர் ஒருவரும் இல்லாத இரவுகளிலும் கூத்து முழுமையாக நடக்கும். தாய்மொழி மலையாளமாயினும் புலவர் கம்பனின் பாடல்களை மனத்தில் இருத்தி, தமிழும் மலையாளமும் விரவிய உரையால் விளக்குவார். ஒரே புலவர் இராமனாகவும் இராவணனாகவும் சூர்ப்பணகையாகவும் பேசுவார். சற்று நேரத்தில் இலக்கணமோ மருத்துவமோ சோதிடமோ தருக்கமோ குறித்து விரித்துரைப்பார். இங்கே வகுப்பு பாவைக்கு மட்டுமே உண்டு: அமர்ந்த இராமன், நின்ற இராமன், போரிடும் இராமன் என ஒரே பாத்திரத்துக்குத் தனித்தனித் தோல்கள். குரலுக்கு எந்த வகுப்பும் இல்லை. ஷொரணூருக்கு அருகே கூனத்தறையில் வாழ்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000) இக்கலையைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுசென்றவர். அவருடைய மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார். எல்லாப் பாத்திரங்களையும் தாங்கும் உரிமை முழுமையானது. அந்த உரிமை நெடுங்காலம் சில குடும்பங்களின் ஆண்களுக்குள்ளேயே கைமாறி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தெற்கே இடுக்கி எல்லையில் இன்னொரு சான்று. கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்ட மன்னான் பழங்குடியினர் ஆடும் மன்னான்கூத்து, கோவலன் கண்ணகி கதையைத் தமிழ் விரவிய மொழியில் பாடியாடுவது. அரசமரபு உடைய பழங்குடி, மதுரை சார்ந்த கதை, கேரளத்து மலை, இரு மொழி கலந்த பாட்டு. 1956ஆம் ஆண்டின் மொழிவாரி எல்லைக்கோடு இந்த ஆட்டத்தை எந்தப் பக்கத்தில் வைக்கும் என்ற கேள்விக்கு விடை தேடுவது, எல்ஃப் வீரரா மந்திரவாதியா என்று கேட்பதை ஒக்கும். தமிழாய்வுத் துறைகள் இவ்வாட்டத்தின்பால் இதுவரை காட்டிய கவனம் போதாது.

விதிநூல்கள் மாறின. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு பெண் பாத்திரங்களின் வலிமைத் தடையை நீக்கியது. இனவாரிப் படி உச்சவரம்பை மட்டும் விடவில்லை. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அதுவும் போயிற்று. எந்த இனத்தாரும் எந்தப் படியிலும் எந்த வகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றாயிற்று. வகுப்புகளை ஒழுங்கின்றி ஏற்றத்தாழ்வாகக் கலப்போருக்கு அனுபவப் புள்ளியில் 20 விழுக்காடு குறைவு என்ற சிறு அபராதம் மட்டும் எஞ்சியது. 2024ஆம் ஆண்டுக் கையேட்டில் ‘இனம்’ என்ற சொல்லே கைவிடப்பட்டது. பாரதப்புழைக்கரையில் இம்மாற்றம் மெதுவாகவே வந்தது. நிறுவப்பட்டு 90 ஆண்டுகள் கடந்த பின், 2021இல், கேரள கலாமண்டலம் கதகளி வேடப் பயிற்சிக்கு முதன்முறையாக மாணவியரைச் சேர்த்துக்கொண்டது. குட்டித்தரத்தில் தொடங்கிய அவர்களுள் எவரேனும் கத்தியில் ஆத்யவசானம் எட்டி, ‘இராவணோத்பவ’த்தின் தவ ஆட்டத்தை ஆட இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.